மாத்திரையை நசுக்கினது நான்தான்

போன வருஷம் ஜூன் மாசம் எங்க தாத்தா பாத்ரூம் வாசல்ல தலை சுத்தி விழுந்துட்டார். நெத்தியில நாலு தையல். ஆஸ்பத்திரியில பிரஷர் பார்த்தப்போ மேல 80தான் இருந்தது. டூட்டி டாக்டர் ஆயாகிட்ட கேட்ட முதல் கேள்வி: "பிரஷர் மாத்திரையை எப்படிம்மா குடுக்கறீங்க?"

ஆயா பெருமையா சொன்னாங்க. "முழுங்க கஷ்டப்படுறாரு டாக்டர். எங்க புள்ளதான் நல்லா நசுக்கி, தேன்ல குழைச்சுக் குடுக்குது."

அந்தப் 'புள்ள' நான்தான்.

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார். நிஃபெடிபின் என்ற பேருக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல 'ரிடார்ட்'னு இருந்தது. "இது பன்னெண்டு மணி நேரம் வயித்துல கொஞ்சம் கொஞ்சமா கரைய வேண்டியது. நீங்க அத்தனையும் ஒரே அடியா உள்ள விட்டுட்டீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

நான் படிக்கிறது கெமிக்கல் இன்ஜினியரிங், ஃபைனல் இயர். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல டிஃப்யூஷன் பத்தி 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதினவன். ஒரு திடப்பொருளோட சைஸைக் குறைச்சா பரப்பளவு கூடும், கரையற வேகம் கூடும்னு எனக்குத் தெரியும். அதே கையாலதான் குட்டி உரல்ல அந்த மாத்திரையை மாவா இடிச்சேன். படிச்சதுக்கும் இடிச்சதுக்கும் நடுவுல ஒரு தொடர்பு இருக்குன்னு ஒரு நாள் கூட தோணல.

அன்னைக்கு ராத்திரி வீட்ல இருந்த மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்.னு பேருக்குப் பின்னாடி வால் இருந்தா மெதுவா விடுற மாத்திரை. ஆயாவோட சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் எஸ்.ஆர். அந்த வகை. காலையில வெறும் வயித்துல போடுற பேன்டோபிரசோல் வேற கதை. அதுக்கு மேல இருக்கிற பூச்சு வயித்து அமிலத்துல கரையாது, குடலுக்குப் போனதும்தான் கரையும். பூச்சை உடைச்சா அமிலமே மருந்தைக் கெடுத்துடும், காசும் போச்சு மருந்தும் போச்சு. வெறும் பாராசிட்டமால் 500 மாதிரி சாதா மாத்திரையை உடைச்சா ஒண்ணும் ஆகாது. அதுல சிலதுக்கு நடுவுல கோடு போட்டே விக்கிறாங்க. ஆக, அட்டையில இருக்கிற மருந்து பேர் பாதி விஷயம்தான். அது எந்த உடம்பெடுத்து வந்திருக்குன்றது மீதிப் பாதி.

நம்ம ஏரியாவுல இன்னொரு உதாரணம் 'பம்ப்பு'. எண்ணூர், மணலி காத்தைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு வீட்ல வீசிங் இருக்கு. ஆனா இன்ஹேலர்னா "பழகிடும், அது பவர் ஜாஸ்தி, மாத்திரையே போதும்"ன்னு சொல்றவங்கதான் நிறைய. கணக்கு நேர்மாறா இருக்கு. சால்புட்டமால் பம்ப் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். ரெண்டு தடவை அடிச்சா 0.2 மி.கி. அதே மருந்து மாத்திரையா வந்தா 2 அல்லது 4 மி.கி. நுரையீரலுக்குப் போக வேண்டியதை ரத்தம் முழுக்க சுத்த விட்டா பத்து, இருபது மடங்கு வேணும், கை நடுக்கமும் படபடப்பும் அதிகம். மருந்து ஒண்ணுதான், போற ரூட்தான் வேற.

சரி, இன்ஜினியரிங் காலேஜ் இதழ்ல எதுக்கு இந்த மெடிக்கல் கிளாஸ்னு கேக்கலாம். இதைவிடப் பெரிய தப்பு நம்ம ஆளுங்க வேலை பார்க்கிற இடத்துல நடக்குது, அதனாலதான்.

2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் சளி இருமலுக்கு சிரப் குடிச்ச குழந்தைகள் 20 பேருக்கு மேல சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ. சிரப் பேர் கோல்ட்ரிஃப். தயாரிச்ச இடம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீசன் பார்மா. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில எடுத்த மாதிரியைச் சோதிச்சப்போ 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதாவது பாட்டில்ல கிட்டத்தட்ட பாதி விஷம். ஆலையில 300-க்கும் மேற்பட்ட குறைகள்னு ஆய்வு அறிக்கை சொன்னது. லைசென்ஸ் ரத்தாச்சு, உரிமையாளர் சென்னையில கைதானார்.

பாராசிட்டமால் சரியாத்தான் இருந்தது, அதைக் கரைச்ச திரவம்தான் கொன்னது. ஏன் அந்தத் திரவம் வேணும்? பாராசிட்டமால் ஒரு மில்லி தண்ணியில சுமார் 14 மி.கி.தான் கரையும். குழந்தைகள் சிரப்ல 5 மி.லி.க்கு 125 மி.கி. வேணும், அப்படின்னா மில்லிக்கு 25. வெறும் தண்ணி பத்தாது. அதனால புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரி கூட்டுக் கரைப்பான் சேர்க்கிறாங்க. மருந்துத் தரத்துல அளவா சேர்த்தா பிரச்சினை இல்லை. டை எத்திலீன் கிளைக்காலும் பார்க்க அதே மாதிரிதான். நிறமில்லை, கொழகொழன்னு இருக்கும், இனிப்பா வேற இருக்கும். பெயிண்ட், பிளாஸ்டிக், பிரேக் ஆயில் மாதிரி தொழில்களுக்குப் போற சரக்கு, விலை கம்மி. பீப்பாயில லேபிள் மாறினா கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. உடம்புக்குள்ள போனதும் அது மாறி டைகிளைக்காலிக் அமிலமா சிறுநீரகத்தைத் தாக்கும். குழந்தைக்கு மூத்திரம் நின்னு போறதுதான் முதல்ல வெளிய தெரியும்.

இது புதுசா கண்டுபிடிச்ச ஆபத்தும் இல்லை. 1937ல அமெரிக்காவுல சல்ஃபனிலமைடுன்னு ஒரு மருந்து மாத்திரையாவும் பொடியாவும் நல்லா வேலை செஞ்சுட்டு இருந்தது. திரவமா வேணும்னு மாசென்கில் கம்பெனி அதை டை எத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து வித்தது. ருசி பார்த்தாங்க, நிறம் பார்த்தாங்க, மணம் பார்த்தாங்க. விஷமான்னு மட்டும் பார்க்கல. 100 பேருக்கு மேல செத்தாங்க. இதுல ஒரு கொடுமையான காமெடி என்னன்னா, அப்போ இருந்த சட்டப்படி விஷத்தை வித்ததுக்காக அந்தப் பாட்டில்களைப் பிடிக்க முடியல. 'எலிக்சிர்'னு பேர் வெச்சா அதுல ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்லை, அதனால பேர் தப்புன்னு சொல்லித்தான் பிடிச்சாங்க. அடுத்த வருஷமே அங்க சட்டம் மாறிடுச்சு. நம்ம ஊர்ல? 1972ல இதே மெட்ராஸ்ல இதே கெமிக்கலால குழந்தைகள் செத்தாங்க. 1986ல பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில நோயாளிகள் செத்தாங்க. அப்புறமும் நிக்கல.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் தூரம். எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா மணலி சி.பி.சி.எல். ஃபிளேர் எரியறது தெரியும். அந்த ரிஃபைனரியில இருந்து புரோப்பிலீன் போகுது. பக்கத்துலயே மணலி பெட்ரோகெமிக்கல்ஸ்ல அது புரோப்பிலீன் ஆக்சைடு ஆகி, தண்ணியோட சேர்ந்து புரோப்பிலீன் கிளைக்கால் ஆகுது. ஆமா, சிரப்ல போட வேண்டிய நல்ல பொருளே நம்ம பேட்டையிலதான் தயாராகுது. எத்திலீன்ல ஆரம்பிச்சா ஒரு குடும்பம், புரோப்பிலீன்ல ஆரம்பிச்சா இன்னொரு குடும்பம். பேப்பர்ல ஒரு கார்பன் வித்தியாசம். இதை நாம ரெண்டாவது வருஷமே ரியாக்ஷன் எழுதி பேலன்ஸ் பண்ணியிருக்கோம்.

ஆனா ஆலை கேட்டைத் தாண்டி பீப்பாய் வெளிய வந்ததுக்கு அப்புறம் அது எத்தனை கை மாறுது, எந்த குடோன்ல பெரிய பீப்பாய்ல இருந்து சின்ன கேனுக்கு மாத்துறாங்க, யார் லேபிள் ஒட்டுறாங்கன்னு நமக்கு யாரும் சொல்லித் தரல. ஒரே பேர்ல தொழிற்சாலைத் தரமும் இருக்கு, மருந்துத் தரமும் இருக்கு. கோல்ட்ரிஃப் விஷயத்துல மருந்துத் தரம் இல்லாத கரைப்பான் வாங்கியிருக்காங்கன்னு அறிக்கையிலயே வந்தது. வாங்கின ஒவ்வொரு பீப்பாயிலயும் மாதிரி எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃப்ல ஓட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நம்ம டிபார்ட்மென்ட் லேப்ல தூசி மூடிக்கிட்டு நிக்குதே, அதே மிஷின்தான்.

ரெண்டாவது வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்ல ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டோரைப் பார்த்தோம். வந்த சரக்குக்கு மஞ்சள் லேபிள், சோதனை முடிஞ்சு பாஸானா பச்சை, ஃபெயிலானா சிவப்பு. மஞ்சளை பச்சையா மாத்துற கையெழுத்து போடுற அக்காவைக் காட்டினாங்க. நாங்க அவங்களைப் பார்க்காம பேக்கிங் மிஷின்ல மாத்திரை ஓடுற வேகத்தை வீடியோ எடுத்துட்டு இருந்தோம். பஸ்ல திரும்பி வரும்போது ஒருத்தன் கேட்டான், "இந்த வேலைக்கு என்ன சம்பளம் வரும் மச்சி, நாம ஐ.டி.க்கே போலாம்." நானும் சிரிச்சேன்.

ஆயா இந்தக் கதை கேட்டுட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி கம்பவுண்டரைப் பத்தி சொன்னாங்க. அவங்க சின்ன வயசுல மிக்ஸ்சர் வாங்க வீட்ல இருந்தே பாட்டில் எடுத்துட்டுப் போகணுமாம். கழுவல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம். ரோஸ் கலர் மிக்ஸ்சரை ஊத்தி, பக்கவாட்டுல பல் பல்லா வெட்டின காகிதத்தை ஒட்டிக் குடுப்பாராம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் அளவு புரியும். "குலுக்கிட்டு குடும்மா"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் பாட்டிலைக் கைல தருவாராம். குலுக்கலன்னா மருந்து அடியில தங்கிடும், முதல் வேளை தண்ணி, கடைசி வேளை ஓவர் டோஸ். அந்த ஒரு வார்த்தையில ஒரு சாப்டர் இருக்கு.

இப்ப கம்பவுண்டர் இல்லை, ஆனா கம்பவுண்டிங் நின்னு போகல. நம்ம வீட்டு கிச்சனுக்கு வந்துடுச்சு. குழந்தைக்கு ஆன்டிபயாடிக் டிரை சிரப் வாங்கினா பொடிதான் வரும். கொதிக்க வெச்சு ஆறின தண்ணியைப் பாட்டில் கோடு வரைக்கும் ஊத்தணும். ஒரே தடவை கோடு வரைக்கும் ஊத்தினா பொடி கரைஞ்சதும் மட்டம் இறங்கும், அதனால முதல்ல கொஞ்சம் ஊத்திக் குலுக்கி, அப்புறம் கோடு வரைக்கும் நிரப்பணும். கலந்த மருந்து பெரும்பாலும் ஒரு வாரம்தான், சிலதை ஃபிரிட்ஜ்ல வெக்கணும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கிற வீடு எத்தனை இருக்கு? அதே மாதிரி பாராசிட்டமால் டிராப்ஸ்னா மில்லிக்கு 100 மி.கி., சிரப்னா மில்லிக்கு 25. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. குடுக்கச் சொன்னா சிரப்ல 6 மி.லி., டிராப்ஸ்ல ஒன்றரை. சிரப்னு நினைச்சு டிராப்ஸை 6 மி.லி. ஊத்தினா 600 மி.கி. நாலு மடங்கு. இதைச் செய்யப் போறது ராத்திரி ரெண்டு மணிக்கு, அழுவுற குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஒரு அம்மா.

டாக்டரைக் கேட்டா போதுமேன்னு சொல்றவங்க நம்ம பக்கம் ஓ.பி. கியூவுல ஒரு நாள் நின்னு பாருங்க. அவருக்கும் ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான். 2023 ஆகஸ்ட்ல இருந்து 300 பிராண்டுகளுக்கு க்யூ.ஆர். கோடு கட்டாயமாக்கினாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதுல இருக்க வேண்டியதுன்னு சொன்னது மருந்து பேர், கம்பெனி விலாசம், பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், தேதிகள். போலியைப் பிடிக்க உதவும், எங்க ஆயாவுக்கு உதவாது. "நசுக்கக் கூடாது" என்பது தமிழ்ல ரெண்டு வார்த்தை. அட்டையோட பின்பக்கம் அதுக்கு இடம் இல்லைன்னு எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. பிஸ்கட் பாக்கெட் விளம்பரம் தமிழ்ல வருது, உயிர் போற விஷயம் இங்கிலீஷ்ல மட்டும் வருது. தமிழ்நாட்டுல விக்கிற அட்டையில தமிழ் கட்டாயம்னு நம்ம அரசு கேட்டு வாங்கணும். கேட்க வைக்க வேண்டியது நாமதான்.

இன்னொண்ணு, இது நம்ம செட்டுக்கு. குவாலிட்டி கன்ட்ரோல் வேலைன்னா மூஞ்சி சுளிக்காதீங்க. அந்த மஞ்சள் லேபிளை பச்சையாக்குறவர் டெஸ்ட் பண்ணாம கையெழுத்து போட்டா என்ன ஆகும்னு சுங்குவார்சத்திரத்துல பார்த்துட்டோம். ஜனவரியில ஒரு கம்பெனி அந்த வேலைக்கு கேம்பஸ் வந்தது. எங்க கிளாஸ்ல பேர் குடுத்தது மூணு பேர். நான் அதுல ஒருத்தன், ரிசல்ட் இன்னும் வரல.

தாத்தாவுக்கு இப்ப டாக்டர் வேற மருந்து மாத்திட்டார், அதை நசுக்கலாம். மத்த அட்டைகள் மேல நான் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன்: 'முழுசா முழுங்கணும்', 'உடைக்கலாம்', 'சாப்பாட்டுக்கு முன்ன'. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துட்டுப் போய் அவங்க மாமியார் மாத்திரை டப்பாவைத் தூக்கிட்டு வந்தாங்க. போன ஞாயித்துக்கிழமை மூணாவது டப்பா வந்திருக்கு. தெரியாத பேர் வந்தா மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்துதான் எழுதறேன். டேப் தீர்ந்துடுச்சு, வாங்கணும்.