காற்று தெரியாத படகு

சனிக்கிழமை பேப்பரைப் பிரித்தால் முதல் செய்தி கண்ணில் படுவதற்கு முன் நாலு பக்கத்துக்கு ஃபிளாட் விளம்பரம். இந்த வாரம் வந்தது 'ஏரிக்கரை வாழ்க்கை'. நீலமாய்த் தண்ணீர், பால்கனியில் காபிக் கோப்பையோடு ஒரு பெண்மணி, தூரத்தில் வெள்ளைப் பாய் விரித்த படகு. வேளச்சேரியிலிருந்து பத்தே நிமிடமாம். எந்த மாதத்தில் என்று போடவில்லை.

2015 வெள்ளத்தில் என் கார் குளித்த கதை பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

எங்கள் வேளச்சேரிப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் பட்டா, ஈசி, யுடிஎஸ் எல்லாம் அப்புறம்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, "தண்ணி நிக்குமா?"

"ரோட்ல நிக்கும் சார், உள்ள வராது" என்பார் தரகர்.

"2015-ல?"

"அது ஊருக்கே வந்துச்சே சார்."

"2023-ல?"

இந்த இடத்தில் தரகருக்கு ஒரு போன் வந்துவிடும்.

இங்கே வெள்ளத்தை அடியில் அளப்பதில்லை, படியில்தான் அளப்போம். எங்கள் வீட்டில் 2015-க்கு நாலாம் படி, 2023 மிக்ஜாம் புயலுக்கு மூன்றாம் படி. ஆகவே செருப்பை ஐந்தாம் படியில் விடுகிறோம். வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 55. மீதியில் நாங்கள் குடியிருக்கிறோம். மிஞ்சியதற்கு 'வியூ' என்று பெயர் வைத்து, அதற்கும் சதுர அடிக்கணக்கில் விலை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுக்காதே என்று 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அதைக் கேட்ட எங்கள் தெருத் தரகர், "அப்போ பழைய ஃபிளாட்டுக்கு ரேட் ஏறும் சார்" என்றார். கெட்ட சேதி என்று ஒன்று அவர் தொழிலில் கிடையாது.

அரசியலையும் கொஞ்சம் தொடுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். தொடுகிறேன். தொகுதி மறுசீரமைப்பில் பிறந்த வேளச்சேரி 2011-இல் அதிமுகவுக்கும், 2016-இல் திமுகவுக்கும், 2021-இல் காங்கிரசுக்கும் போனது. அந்த 2021-இல்தான் வாக்கு இயந்திரத்தை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள். 92-ஆம் எண் வாக்குச்சாவடியில் மறு ஓட்டு நடந்தது. யார் நின்றாலும் பிரசார ஆட்டோவில் ஒலிப்பது 'வெள்ளத்துக்கு நிரந்தரத் தீர்வு'தான். அந்தத் தீர்வை நாங்களே கண்டுபிடித்துவிட்டோம்: மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவது. 2024 அக்டோபரில் அபராதம் என்று பேச்சு கிளம்பியது, அதெல்லாம் இல்லை என்றது போலீஸ். காரை யாரும் இறக்கவில்லை. அரசியல் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளம்பரத்தில் எனக்கு எரிச்சல் ஏரியால் வரவில்லை, விலையாலும் வரவில்லை. கரையில் ஒரு கொடி வலப்பக்கமாகப் பறக்கிறது. படகின் பாயோ இடப்பக்கமாக உப்பியிருக்கிறது. ஒரே ஏரியில் இரண்டு காற்று!

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தங்கையின் பேத்தி, பதினொரு வயது, பாய்மரப் படகு கற்றுக்கொள்கிறாள். விடியற்காலையில் சென்னைத் துறைமுகத்துக்குள் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. அங்கே ஸ்பிரிங்ஹேவன் படகுத்துறை இருக்கிறது. துறைமுகத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான். வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்கத் தொடங்கியது. இன்றைக்கும் இந்த ஊரில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் படகு ஓட்டப் போன இந்தியர்கள் நாலே பேர். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தாக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். நம் வீட்டு வரவேற்பறைகளில் இந்தப் பெயர்களை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அவள் ஓட்டுவது 'ஆப்டிமிஸ்ட்'. இரண்டேகால் மீட்டர் சொச்சம் நீளம், குளியல் தொட்டிக்குப் பாய் கட்டினாற்போல் இருக்கும். 1947-இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக ஒட்டுப்பலகையில் வடிவமைத்தது. ஆரம்பத்திலேயே சொல்லித்தந்தது ஓட்டுவதை அல்ல, கவிழ்ப்பதை. வேண்டுமென்றே சாய்த்துத் தண்ணீரில் விழ வேண்டும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, உடம்புக் கனத்தால் படகை நிமிர்த்த வேண்டும். பிறகு உள்ளே உட்கார்ந்து வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். வேளச்சேரிப் பிள்ளை, இறைப்பதில் மட்டும் முதல் நாளே தேறிவிட்டாள்.

"காத்து எதிர்ல வந்தா எப்படிம்மா போவே?"

"நேரா போக முடியாது தாத்தா. கோணலா இந்தப் பக்கம், அப்புறம் கோணலா அந்தப் பக்கம். காத்து எங்கேர்ந்து வருதுன்னு கன்னத்துல தெரியும்."

பாயை இழுக்கும் கயிற்றை அவள் 'ஷீட்' என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. தாமான் என்று சொல்லு என்றேன். இங்கேதான் மறுபடியும் 'கொற்கை' வருகிறது, மன்னியுங்கள். ஜோ டி குருஸின் அந்த ஆயிரம் பக்க நாவல் 2009-இல் வந்தது, 2013-இல் சாகித்ய அகாதமி வாங்கியது. நான் இதுவரை மூன்று முறை படித்துவிட்டேன், நாலு பேருக்கு இரவல் கொடுத்து நாலு பிரதி இழந்துவிட்டேன். இந்தப் பத்தியிலேயே எத்தனையாவது தடவை என்று கணக்கு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் உண்டு. அதில் வருகிற, தூத்துக்குடித் தோணிகள் எஞ்சின் இல்லாமல் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன காலம் என்றால் எனக்கு அப்படியொரு கிறுக்கு. படகின் முன்பக்கம் அணியம், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கச்சான். திசைக்கொரு பெயர் வைத்திருந்த பாஷையில் இப்போது காற்றுக்கு மிஞ்சியிருப்பது 'கிராஸ் வென்டிலேஷன்'.

நான் படகில் முதன்முதலாக ஏறியது துறைமுகத்தில் அல்ல, எங்கள் தெருவில். 2015 டிசம்பர், நாலாம் படி நாள். (கார் கதை இல்லை, இது வேறு.) நொச்சிக்குப்பத்திலிருந்து லாரியில் வந்த ஃபைபர் படகு. ஓட்டிய மீனவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்புங்கள் என்று நான் வழி சொன்னேன். அவர் கழியைத் தண்ணீரில் ஊன்றி, அது சாயும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோடா இது? வாய்க்கா சார். பள்ளிக்கரணைக்கு இழுக்குது பாருங்க."

அந்தத் தெருவில் அப்போது எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பத்து நிமிஷம். நான் காட்டிய வழியை விட்டுவிட்டு, இழுப்போடு கொஞ்ச தூரம் போக விட்டு, ஒரு அபார்ட்மென்ட் கேட்டைப் பிடித்துத் திருப்பி, எதிர்ப்பக்க மேட்டில் எங்களை இறக்கினார். பணம் வாங்க மாட்டேன் என்றார். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை மட்டும் வாங்கி, பிரிக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

வருகிற சனிக்கிழமை பேத்திக்குப் பயிற்சி உண்டு. மழை என்று சொல்லியிருக்கிறார்கள். கார் வெள்ளி ராத்திரியே மேம்பாலம் ஏறிவிடும். நாங்கள் பறக்கும் ரயிலில் பீச் ஸ்டேஷன் போய் இறங்குவோம். அந்த விளம்பரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். கொடியைச் சொல்லாமல், படகை மட்டும் காட்டி என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும்.