கெட்ட பையன்



பேத்தி எரிமலைப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "மெல்ட்டட்னுதானே வரணும் தாத்தா, ஏன் மோல்ட்டன்னு போட்டிருக்கு?" என்றாள். நல்ல கேள்வி. 'மெல்ட்' என்ற வினைக்குப் பழைய இறந்தகால எச்சமே 'மோல்ட்டன்'தான். பிறகு வினைக்கு 'மெல்ட்டட்' வந்துவிட்டது. பழையது பெயரடையாகத் தங்கிவிட்டது. 'டிரங்கன்', 'சங்கன்' கதையும் இதேதான்.

நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு: 'கெட்ட'. 'கெடு' என்ற வினையின் இறந்தகாலப் பெயரெச்சம் அது. மேலூர்ப் பக்கம் ஒருவர் "வெள்ளாமை கெட்டுப்போச்சு" என்றால் உடனே, "பெரியாத்துத் தண்ணி வரலையா? பூச்சியா?" என்று கேட்போம். 'கெட்ட பையன்' என்றால் மட்டும் எதுவும் கேட்பதில்லை. பிறவிக் குணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நானும் கட்டியிருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத ஒருவனை அந்தச் சொல்லைச் சொல்லி வகுப்பு முன்னால் நிறுத்தினேன். அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பெயரெச்சம் நடத்திய வாத்தியார், அதற்குள் இருந்த வினையைக் கேட்கவில்லை.

இன்று ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கும் பிள்ளைகளே, இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டுமில்லை. 'கெட்ட' என்று வாயில் வரும்போது, "என்னப்பா நடந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடு தம்பி.