விக்ரம் (பழசு!)

போன சனிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் பையனைப் பிடித்து உட்கார வைத்து, 1986-ல் வந்த கமலின் 'விக்ரம்' போட்டேன். 2022-ல் வந்ததை அவன் நாலு தடவை பார்த்தாச்சு.

அக்னிபுத்ரா ஏவுகணையை சத்யராஜ் கோஷ்டி கடத்த, கமல் மீட்கப் போகிறார். சலாமியா போனதும் படம் படுத்துவிடுகிறது என்பது என் கட்சி. (டிம்பிள் கபாடியா ரசிகர்கள் மன்னிக்க!) சண்டையும் இப்போது சுமார்தான். ஆனாலும் அலுக்கவில்லை. காரணம், ராக்கெட்டும் கம்ப்யூட்டரும் ஏதோ நம்ம ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி சாதாரணத் தமிழில் வருவது. நிஜ அக்னி முதலில் பறந்ததே 1989-ல்தான்!

எழுதிய சுஜாதா அப்போது இதே ஊரில், ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பிழைப்புக்கு இங்கே வந்தவர். நம்ம கேஸ்தான். ஆபீஸ் நேரம் போகத்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறார். நமக்கோ பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லையாம்.

"அவர் கதை வீட்ல இருக்காப்பா?" என்றான் பையன். எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். முதல் பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆச்சு.