ஆய்வகத்தில் விளையும் வைரம்

மண்ணுக்கடியில் பிறந்ததே வைரம் என்றும், ஆய்வகத்தில் உருவானது போலி என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் அறிவியலுக்குப் பொருந்துவதன்று. ஒரு பொருளின் தன்மையை அதன் அமைப்பும் பண்பும் உணர்த்துமேயன்றி, அதன் பிறப்பிடம் உணர்த்தாது.

ஒவ்வொரு கார்பன் அணுவும் வேறு நான்கு கார்பன் அணுக்களுடன் பிணைந்து விரியும் படிகமே வைரம். கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என விற்கப்படும் கல், சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் வேறு பொருள். அதனைப் போலி எனலாம். ஆய்வகத்தில் விளைந்த கல்லோ கார்பனால் ஆகிய அதே படிகம். எனவே அதுவும் வைரமே.

விளையும் விதம்

இயற்கை வைரம் புவியின் ஆழத்தில் மிகுந்த அழுத்தத்தில் உருவாகிறது. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வாளர்கள் அத்தகைய அழுத்தத்தை எந்திரத்தில் உண்டாக்கி வைரம் படைத்தனர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள், குறைந்த அழுத்தத்தில் நுண்ணலைப் பிளாஸ்மாவைக் கொண்டு வைரத்தை வளர்த்துக் காட்டினர்.

காற்று நீக்கப்பட்ட கலத்தில் ஹைட்ரஜனும் சிறிதளவு மீத்தேனும் செலுத்தப்படுகின்றன. கலத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட மிகக் குறைவு. சமையலறை நுண்ணலை அடுப்பில் பயன்படும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் இங்கும் செலுத்தப்படுகின்றன. அலைகளின் ஆற்றலைப் பெற்ற எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளைச் சிதைக்க, வாயு ஒளிரும் பிளாஸ்மாவாகிறது. ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலுள்ள மெல்லிய வைர விதையின்மேல் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காகப் படிகின்றன. இடையே கிராஃபைட்டும் உருவாகும். அதனை ஹைட்ரஜன் அணுக்கள் வைரத்தைவிட விரைவாக அரித்து நீக்குகின்றன. வைரம் எஞ்சி வளர்கிறது. பிளாஸ்மாவினுள் மின்முனை எதுவும் தேவையில்லை. ஆதலால் மின்முனையின் உலோகம் கலந்து படிகம் மாசுறுவதில்லை.

பயன் எங்கே?

இவ்வாறு தூய வைரம் கிடைக்கிறது. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதே சிந்திக்கத்தக்கது. ஆய்வக வைரம் பெரிதும் நகைக்கடையின் வழியாகவே மக்களுக்கு அறிமுகமாகியுள்ளது. உற்பத்தி பெருகப் பெருக அதன் விலையும் சரிந்து வருகிறது. அருமை என்னும் ஒன்றையே நம்பி விற்கப்படும் பொருள், எளிதில் கிடைக்கத் தொடங்கினால் மதிப்பிழப்பது இயல்பே.

பயனால் வரும் மதிப்பு அத்தகையதன்று. வைரம் தாமிரத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மின்னணுச் சில்லுகளிலும் லேசர் கருவிகளிலும் தோன்றும் வெப்பத்தை வெளியேற்ற அது பெரிதும் உதவுகிறது. வெட்டுக்கருவிகளின் முனையாகவும், அணுக்கரு இணைவு ஆய்வில் ஆற்றல்மிக்க நுண்ணலைகளை உட்செலுத்தும் சாளரமாகவும் அது பயன்படுகிறது.

2023ஆம் ஆண்டு மைய அரசின் நிதிநிலை அறிக்கையில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. அதற்கான மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது. வைரத்தைப் பட்டை தீட்டுவதில் சூரத் நகரம் உலகில் முன்னிற்கிறது. அத்திறனோடு இவ்வாராய்ச்சியும் சேரும்போது, நகையோடு நில்லாமல் கருவிகளையும் மின்னணுவியலையும் நோக்கி நாடு நகர்தல் வேண்டும்.

கருத வேண்டியவை

சுரங்கத்தைத் தோண்டாமல் பெறுவதால் மட்டுமே இவ்வைரம் தூய்மையானதாகிவிடாது. வாரக்கணக்கில் இடையறாது மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின் புகை இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. போட்சுவானா போன்று வைர ஏற்றுமதியையே பெரிதும் சார்ந்த நாடுகளின் தொழிலாளர் வாழ்வும் எண்ணிப் பார்க்கத்தக்கது. விற்பவரும் 'ஆய்வகத்தில் விளைந்தது' என்பதை மறைக்காமல் கூற வேண்டும். வைரம் உண்மையானதாயினும், அதன் பிறப்பை மறைத்து விற்பது பொய்யே.

கழுத்தில் மின்னும் வைரம் ஒருவரை அழகுபடுத்தும். கருவியினுள் கண்ணுக்குத் தெரியாமல் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் வைரமோ பலருக்குப் பயன்படும். அறிவியல் விளைவித்த வைரத்திற்கு அவ்விடமே பொருத்தமான இடம்.