கேமரா வாங்கப் போகிறீர்களா?

கல்லூரியில் படிக்கும் மகள் வந்து நிற்கிறாள். “அப்பா! நான் ஒரு சின்னப் படம் எடுக்கப் போகிறேன். கேமரா வாங்கித் தாருங்கள்” என்கிறாள்.

விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது! அம்மா தன் கை வளையலைப் பார்க்கிறாள். அப்பா வட்டிக்குக் கொடுப்பவரை நினைக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

சோதனைப் படம்

சினிமாவில் ஒரு வகை உண்டு. அதற்குச் சோதனைப் படம் என்று பெயர். கதாநாயகன் இல்லை, வில்லன் இல்லை, டூயட் இல்லை. கனவில் வருவதுபோலக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எடுப்பவர் தன் மனத்தில் பட்டதைத் தன் இஷ்டப்படி எடுத்துப் பார்ப்பார். இளம் பிள்ளைகள் பலருக்கு இதில் ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான்.

ஆனால், “பெரிய கேமரா இருந்தால்தான் எடுக்க முடியும்” என்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வேலைக்குப் பெரிய கேமரா ஒரு சுமை.

வீட்டிலே எடுத்த படம்

அமெரிக்காவில் மாயா டெரன் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1917-ல் கீவ் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். 1943-ல் அவருடைய தந்தை இறந்தார். தந்தை விட்டுச் சென்ற பணத்தில் கொஞ்சம் எடுத்து, மாயா ஒரு கேமரா வாங்கினார். புதிய கேமரா அல்ல. ஒருவர் உபயோகித்த பழைய கேமரா!

அதன் பெயர் போலெக்ஸ். சுவிட்சர்லாந்து நாட்டுத் தயாரிப்பு. மின்சாரம் வேண்டாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு தடவை முழுதாகச் சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது, நின்றுவிடும். ஒரு சுருள் பிலிம் 100 அடி. அது மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஓடும்போது கடகட என்று சத்தம் வேறு! குரலைப் பதிவு செய்யவும் அதனால் முடியாது.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்கிறீர்களா?

மாயாவும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹேமிடும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே படம் எடுத்தார்கள். நடித்தவர்களும் அவர்களே. வீட்டுச் சாவி, ரொட்டி வெட்டும் கத்தி, ஒரு பூ, டெலிபோன். இவைதான் சாமான்கள்! மொத்தச் செலவு சுமார் 275 டாலர் என்று சொல்கிறார்கள். படம் 14 நிமிடம் ஓடும். பெயர் ‘மெஷஸ் ஆப் தி ஆப்டர்நூன்’. பிற்பகல் நேரத்து வலைகள் என்று பொருள் சொல்லலாம்.

அதில் ஒரு காட்சி. ஒரு பெண் நடக்கிறாள். ஒரு காலடி கடற்கரை மணலில் விழுகிறது. இன்னொன்று புல்லில். இன்னொன்று நடைபாதையில். பிறகு வீட்டுக்குள்ளே கம்பளத்தில்! நாலைந்து எட்டில் உலகத்தையே தாண்டிவிடுகிறாள். எந்த யந்திரம் இதைச் செய்தது? யந்திரமே இல்லை. கத்தரித்து ஒட்டியதுதான்! சாவி தீர்ந்து நின்றுபோகும் கேமராவுக்குத் துண்டு துண்டான காட்சிகள்தானே பொருத்தம்?

படத்தில் பேச்சும் இல்லை. பின்னணி இசையே 1959-ல்தான் சேர்க்கப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹேமிட் கேமரா வேலையில் தேர்ந்தவர். மலிவான கேமராவை யார் கையில் கொடுத்தாலும் நல்ல படம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தொழிலைப் பழகத்தான் வேண்டும். பழகுவதற்கு, பயப்படாமல் கையாளக்கூடிய கேமரா நல்லது. லட்ச ரூபாய்ச் சாமானை மழையில் நனைக்க யாருக்குத் துணிவு வரும்?

1946-ல் மாயா, நியூயார்க்கில் ஒரு சிறிய நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தன் படங்களைத் தானே காட்டினார். மறு ஆண்டு, பிரான்சில் கான் நகரத்துப் பட விழாவில் பரிசு கிடைத்தது.

கேமராவே இல்லாமல் படம் எடுத்தவரும் உண்டு! அமெரிக்கரான ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல், விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் இறகுகளைப் பொறுக்கினார். அவற்றை நீளமான ஒட்டு நாடாவில் ஒட்டி, அதையே பிலிமாகப் பிரதி எடுத்துத் திரையில் ஓட்டினார்.

இப்போது என்ன வாங்கலாம்?

முதல் கேமரா உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. செல்போன்! 2015-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டாஞ்சரின்’ என்ற முழு நீளப் படத்தையே செல்போனில் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் எதற்குச் செலவழித்தார்கள் என்று கவனியுங்கள். போனின்மேல் மாட்ட ஒரு தனி லென்ஸ். படம் ஆடாமலிருக்க ஒரு கைப்பிடி. ஒலியைத் தனியாகப் பதிய நல்ல மைக்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் உறுதியான மூன்றுகால் ஸ்டாண்ட் வாங்குங்கள். அடுத்தது மைக். போனில் எடுக்கும்போது, வெளிச்சத்தையும் துலக்கத்தையும் போன் தானாகவே மாற்றிக்கொண்டிருக்கும். காட்சி நடுவே திடீரென்று வெளுக்கும். அதை ஒரே நிலையில் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சில பிள்ளைகள் மாயாவைப்போலப் பழைய பிலிம் கேமராவே வேண்டும் என்பார்கள். அழகான ஆசை! ஆனால் பிலிமுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு. ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் இந்தச் செலவு உண்டு. கேமராவின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெரிய கேமராவேதான் வேண்டும் என்று பிடிவாதமா? ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அதற்குள், செல்போனில் எடுத்த ஒரு மூன்று நிமிடப் படம் கையில் இருக்கட்டும். அதே காட்சியைப் பெரிய கேமராவிலும் எடுத்து, இரண்டையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். எது எதில் எடுத்தது என்று பாட்டியைக் கேளுங்கள்!