நிரல் யார் பெயரில் உள்ளே நுழைகிறது?

கோவை மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல்லோ ஜல்லியோ ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி இறங்கினால், எடைச்சீட்டு அச்சாவதோடு வேலை முடிவதில்லை. பல இடங்களில் மேடைக் கணினியில் ஓடும் சாஃப்ட்வேர் அந்த எடையை பில்லிங் அறைக் கணினியின் ‘ஷேர் ஃபோல்டரில்’ கொண்டுபோய் எழுதுகிறது. பீளமேட்டுப் பம்ப்செட் கம்பெனியின் வரைபடங்களும், கணபதிப் பட்டறையின் ஜாப் ஒர்க் கணக்கும், டேலி டேட்டாவும் இதே மாதிரிப் பொது ஃபோல்டர்களில்தான் இருக்கின்றன. ஆளில்லாத ராத்திரியில் பேக்கப் எடுப்பதும் அங்கிருந்துதான். ஃபோல்டரைத் திறக்க யார் வந்தாலும் அது முதலில் கேட்பது, நீ யார் என்று. மனிதர் என்றால் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுவார். ராத்திரி ஒரு மணிக்குத் தானாக ஓடும் நிரலுக்குத் தட்டித்தர ஆள் ஏது? அதனால், அமைத்துக் கொடுக்க வந்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லையே ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். வேலை நடக்கிறது, வருடக்கணக்கில் யாரும் அந்த ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தை நம் தொழிற்கூடங்கள் உடனே கைவிட வேண்டும். நிரலுக்கென்று தனிப் பெயர் வேண்டும்; அந்தப் பெயருக்கு அதன் வேலைக்குத் தேவையான ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெதுவும் திறக்கக் கூடாது.

இதை மிகைப்படுத்திய அச்சம் என்று நினைப்பவர்கள் கூடங்குளத்தை நினைவுகூர வேண்டும். 2019 அக்டோபர் இறுதியில் ‘டிட்ராக்’ என்ற தீநிரலின் மாதிரி ஒன்று பொதுவெளிக்கு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது ஒரு சாதாரணக் கட்டளை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உள்வலையில் இருந்த ஒரு கணினியின் பகிர்வை, அட்மினிஸ்ட்ரேட்டர் பெயராலும் கடவுச்சொல்லாலும் திறந்து, திரட்டிய தகவலை அங்கே கொண்டு சேர்க்கும் கட்டளை அது. நம் பேட்ச் ஃபைல்களில் இருக்கும் அதே வகை வரிதான். அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு தாக்குதல் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் தகவல் தந்திருந்ததையும் சொன்னது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தனி வலையில் இருந்ததால் பாதிக்கப்படவில்லை. ஒரு கடவுச்சொல் வெளியே போனாலும் அது எதுவரை செல்லும் என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால் சேதம் அந்த எல்லையோடு நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எல்லை போடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2017 ஜூன் 27 காட்டியது. அதற்கு ஆறு வாரம் முன்பு வந்த வானாக்ரை தீநிரல், விண்டோஸின் ஃபோல்டர் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. மார்ச் மாதமே வந்துவிட்ட திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் அதிலிருந்து தப்பினார்கள். ஜூனில் வந்த நாட்பெட்யா தீநிரலிடம் அந்தத் திருத்தம் மட்டும் போதவில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் நினைவகத்தில் கிடந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அடையாளங்களை அது சுரண்டி எடுத்தது. அவற்றைக் காட்டி, திருத்தம் போட்ட பக்கத்துக் கணினிகளுக்குள்ளும் முறையான ஆள் போலவே நுழைந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் குழுமம் நடத்திய, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் முனையமும் முடங்கியது. கொங்குச் சரக்கு எத்தனையோ கடல்வழிகளில் போகிறது; ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஒரு முனையம் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, “நாங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைக்கவில்லை, மறைகுறியாக்கித்தான் வைத்திருக்கிறோம்” என்பது. மைக்ரோசாஃப்ட்டே இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றது. 2008 முதல் விண்டோஸ் சர்வரில் ஒரு வசதி இருந்தது. அலுவலகம் முழுவதற்கும் ஷேர் டிரைவ்களை ஒரே இடத்திலிருந்து இணைக்கலாம்; கடவுச்சொல் மறைகுறியாக்கி ஒரு ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலை வலையில் உள்ள எந்தப் பயனரும் படிக்கலாம். அதை அவிழ்க்கும் திறவுகோலோ உலகம் முழுவதற்கும் ஒன்றே. அதையும் நிறுவனமே தன் தொழில்நுட்ப ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் அதில் கடவுச்சொல் சேமிக்கும் வசதியை நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட ஃபைல்கள் தானாக அழியவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தேடிப்பிடித்து நீக்க வேண்டியிருந்தது. நிரல் தானே அவிழ்த்துப் படிக்கக்கூடிய ரகசியத்தை, அந்த நிரலைக் கைப்பற்றியவரும் அவிழ்ப்பார். பேட்ச் ஃபைலை இ.எக்ஸ்.இ. ஃபைலாக மாற்றிவிட்டோம் என்பதும் இதே கதைதான்.

சரியான வழி கடினமானது அல்ல. எடைமேடைக்கு ஒரு பயனர், பேக்கப்புக்கு ஒரு பயனர் என்று நிரல் ஓடும் கணினி, சர்வர் இரண்டிலும் தனிப் பெயர் உருவாக்கி, சர்வரில் அவரவர் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். நிரலை டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பெயரிலேயே ஓடவிட்டால், கடவுச்சொல் ஃபைலில் கிடக்காமல் விண்டோஸின் பொறுப்பில் இருக்கும். அந்தக் கணினியை முழுமையாகக் கைப்பற்றியவர் அதையும் எடுத்துவிட முடியும் என்பது உண்மையே. அப்போதும் அவருக்குக் கிடைப்பது ஒரு ஃபோல்டர், மொத்த ஆலை அல்ல. டொமைன் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இதைவிட நல்ல வழி 2012 முதலே இருக்கிறது. நிரலுக்கான சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை சர்வரே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். மனிதர் யாருக்கும் அது தெரியாது. தனிப் பெயருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2022 ஏப்ரலில் சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்கவும் சொல்கிறது. எல்லா நிரலும் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரிலேயே நுழைந்தால் அந்தப் பதிவேட்டில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப இருக்கும்; யார் செய்தது என்று எதை வைத்துச் சொல்வது?

“எங்களிடம் திருட என்ன இருக்கிறது?” என்பது சிறு தொழில் செய்பவர்களின் கேள்வி. பணம் கேட்டு மிரட்டும் தீநிரல்கள் திருடுவதற்காக மட்டும் வருவதில்லை. பூட்டிவிட்டுப் பேரம் பேசவும் வருகின்றன. பேக்கப்பை அழிக்கும் உரிமை கொண்ட கடவுச்சொல் அதே கணினியில் கிடந்தால், கணக்கும் போகும், அதன் நகலும் போகும். கடவுச்சொல்லே வேண்டாம், எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில் அத்தகைய விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுக்கிறது. அப்டேட் செய்தபின் ஃபோல்டர் திறக்கவில்லை என்று பழைய வழியை மறுபடி திறந்துவிடுவது, தாழ்ப்பாள் இறுகுகிறது என்று கதவைக் கழற்றுவதற்குச் சமம்.

மதுக்கரை வனப்பகுதியில் 2024 பிப்ரவரி முதல், யானைகள் தண்டவாளத்தை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் கண்டு எச்சரிக்கின்றன. இப்படி மனிதர் தட்டாமலே நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வேலைகள் இனி எல்லாத் துறையிலும் பெருகும். அதனால்தான் இந்தப் பழக்கத்தை இப்போதே மாற்ற வேண்டும் என்கிறேன். சாஃப்ட்வேர் விற்பவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் கேட்பதை நிறுத்தட்டும். கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் தம் உறுப்பினர்களுக்கு இதைக் கற்றுத்தரட்டும். ஆலை நடத்துபவர்களே, இந்த வாரமே உங்கள் கணினியைப் பார்ப்பவரை அழைத்து, பேட்ச் ஃபைல்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் கடவுச்சொல் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு அந்த நிரலுக்கு ஒரு தனிப் பெயர் கொடுங்கள்.