அளக்காமல் விற்கும் குதிரைத்திறன்

காரின் சக்தியைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்கிற கடைகள் பெருகிவிட்டன. எவ்வளவு கூட்டினீர்கள், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. "ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, சும்மா பறக்கும்" என்கிறார்கள். எங்கள் கோவில்பட்டியில் பருத்தியை எடை போடாமல் யாரும் வாங்குவதில்லை. தீப்பெட்டிப் பண்டல் எண்ணாமல் லாரி ஏறுவதில்லை. பல லட்ச ரூபாய் வண்டியின் மூளையில் கை வைக்கிற வேலைக்கு மட்டும் எடையும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

என் அக்கா மகன் ஒரு பெரிய டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறான். போன கோடையில் வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்து ரீமேப் செய்துகொண்டு வந்தான். "மாமா, மிதிச்சதும் சீட்டோட சேத்து அமுக்குது, நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினான்.

"எத்தன குதிரைத்திறன் கூடியிருக்குடா?"

"நாப்பது கூடும்னு சொன்னாங்க மாமா."

"சொன்னாங்களா, காட்டினாங்களா?"

பேசாமல் நின்றான். காட்டவில்லை. காட்டுவதற்கு அந்தக் கடையில் டைனோவே இல்லை. டைனோ என்பது உருளைகள் வைத்த ஒரு மேடை. சக்கரங்களை அதன்மேல் ஏற்றி ஓட்டினால், சக்கரம்வரை வந்து சேரும் சக்தி எவ்வளவு என்று வரைபடமாகவே போட்டுக் கொடுத்துவிடும். ரீமேப்புக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஓட்டினால் போதும், யாரும் யாரையும் நம்பச் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாமல் நாற்பது என்பது வெறும் வாய்ச்சொல்.

அங்கே நடந்தது என்ன என்று அவனிடம் துருவித் துருவிக் கேட்டேன். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகினார்கள். எஞ்சின் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பைப் படித்து எடுத்தார்கள். இணையம் வழியாக அதை வேறு ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் திருத்தி அனுப்பியதும் திரும்ப எழுதினார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். அதாவது, எண்களை மாற்றியவர் வண்டியைப் பார்க்கவில்லை. டர்போ எத்தனை கிலோமீட்டர் ஓடிய டர்போ, ஏர் ஃபில்டர் எந்த நிலையில் இருக்கிறது, இன்ஜெக்டர் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா, எதுவும் அவருக்குத் தெரியாது. வண்டி ஓடப்போவது கரிசல்காட்டில் என்பதும் தெரியாது.

அந்தக் கோப்பில் இருப்பது என்ன? எத்தனை சுற்றில், எவ்வளவு மிதித்தால், எத்தனை மில்லிகிராம் டீசல் பீய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தர வேண்டும் என்று நூற்றுக்கணக்கான அட்டவணைகள். அதோடு பாதுகாப்பு வரம்புகளும் உண்டு. புகை இந்த அளவைத் தாண்டக் கூடாது, கியர்பாக்ஸுக்கு இந்த முறுக்குவிசைக்கு மேல் போகக் கூடாது, உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். ரீமேப் என்று சொல்லி இந்த வரம்புகளைத்தான் தளர்த்துகிறார்கள். ஒழுங்காகத் தெரிந்தவர் கொஞ்சம் தளர்த்துவார், ஒன்றைத் தளர்த்தினால் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சரிசெய்வார். தெரியாதவர் எல்லாவற்றையும் திறந்துவிடுவார். இரண்டுக்கும் கடையில் ஒரே பெயர்தான், ஸ்டேஜ் 1.

"கம்பெனிக்காரனே பூட்டித்தான் விக்கிறான் மாமா, இவங்க பூட்டத் திறந்துவிடுறாங்க" என்று பையன்கள் சொல்கிறார்கள். அவர்கள் கையில் நல்ல உதாரணமும் இருக்கிறது. டாடா ஹேரியர் 2019-ல் வந்தபோது 140 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே அதே இரண்டு லிட்டர் எஞ்சின் 170 ஆகிவிட்டது. மஹிந்திராவின் 2.2 லிட்டர் டீசல், எக்ஸ்யூவி 700-ல் கீழ் மாடலில் 155, மேல் மாடல்களில் 185. ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் 132-ம் உண்டு, 175-ம் உண்டு. அப்படியானால் பூட்டுதானே என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அதே பட்டியலில் அடுத்த வரியையும் படியுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். அதே 185 குதிரைத்திறன் எக்ஸ்யூவி 700, கையால் கியர் போடும் வண்டியில் முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 450. ஸ்கார்ப்பியோ-என் 370, 400. எஞ்சின் ஒன்றேதான். பின்னால் இருக்கும் கியர்பாக்ஸும் கிளட்சும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எண்ணைக் குறைத்திருக்கிறார்கள். பூட்டு என்று இவர்கள் சொல்வது அந்தத் தாங்குதிறனைத்தான். மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம், சோதனைத் தடம் செய்யாறு பக்கம். நம் வெயிலையும் நம் சாலையையும் தெரிந்தவர்கள் போட்ட எண்ணை, வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் டீ குடிக்கும் நேரத்தில் அழித்துவிட்டுப் போகிறார்.

வெயில் என்றால் சாதாரண வெயிலா? சித்திரையில் எட்டயபுரம் சாலையில் மத்தியானம் நின்று பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் வேலிக்கருவையைத் தவிர வேறு நிழல் கிடையாது, வெடித்த கரிசல் மண் வாங்கிய சூட்டை அப்படியே திருப்பித் தரும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் காற்றுக்கு டீசலைக் கூட்டிப் பீய்ச்சினால் எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், வெளியேறும் வாயுவின் சூடு ஏறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது.

வெயில் போனால் காற்று. ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, உழுதுபோட்ட நிலத்தின் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அடைத்த ஃபில்டர் வழியாக, கூட்டி எழுதிய காற்றழுத்தத்தை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த நெருக்கடிக்காகத்தான் நிறுவனம் இடைவெளி விட்டு வைத்திருந்தது. அந்த இடைவெளியைத்தான் இங்கே ரூபாய்க்கு விற்கிறார்கள்.

சக்தி கூட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதை முறையாகச் செய்து காட்டிய ஊர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தது. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின், 114 குதிரைத்திறன். எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சஸ்பென்ஷனை மாற்றினார்கள், உயரத்தைக் குறைத்தார்கள், அகலமான டயர் போட்டார்கள், கியர் விகிதத்தைத் திருத்தினார்கள். அதற்கு நிறுவன உத்தரவாதமும் இருந்தது. பந்தயத் தடத்தில் பல்லாண்டுகள் பாடுபட்ட ஊர் அது, ஒன்றை ஏற்றினால் எதையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும் என்று தெரியும். அந்தக் கார் நீண்ட நாள் விற்பனையில் நிலைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இங்கே யார் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறார்கள்? நூறில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட நூற்றிருபதில் போகிற வண்டியை நிறுத்த 44 சதவீதம் கூடுதல் ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். சாத்தூரிலிருந்து கயத்தாறு வரைக்கும் நாலுவழிச் சாலை நேராக, வழவழப்பாக இருக்கிறது, சரி. அதைவிட்டு இறங்கிப் பசுவந்தனை, விளாத்திகுளம் பக்கம் போய்ப் பாருங்கள். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலை அலை அலையாகத்தான் கிடக்கும். ஆட்டுக்கிடை குறுக்கே போகும், தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்று பெண்களை இறக்கிவிடும். இந்தச் சாலையில் சீட்டோடு சேர்த்து அமுக்குகிற வேகம் யாருக்குத் தேவை?

எல்லாவற்றையும்விட மனம் நோகிறது புகையைப் பார்த்துத்தான். கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த காலத்தில் எங்கள் பெரியவர்களுக்குப் புகைதான் கணக்கு. கறுப்பாக வந்தால் டீசல் வீணாகிறது என்று உடனே மெக்கானிக்குக்கு ஆள் போகும். அவர் வந்து பம்பைத் திருகிச் சரிசெய்து, தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து, புகை வெளுத்து, அதன் பிறகுதான் கூலி வாங்கிக்கொண்டு கிளம்புவார். அவரும் ட்யூனிங் செய்தவர்தான், ஆனால் பலனைப் பார்க்காமல் போகமாட்டார். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று கரும்புகை கக்குவதை வீரம் என்று வீடியோ எடுக்கிறார்கள்.

அந்தப் புகை வருவதே, அதைப் பிடிக்கிற வடிகட்டியைக் கழற்றுவதால்தான். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபிறகு டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும். டீசலைக் கூட்டி எழுதியதும் கரி கூடுகிறது, வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது, விளக்கு எரிகிறது. உடனே அதே கடை, "அதக் கழத்திட்டு கம்ப்யூட்டர்லயும் மறக்கடிச்சிடலாம்" என்கிறது. அமெரிக்காவில் இப்படிப் புகைத் தடுப்புகளைக் கழற்றிய டீசல் பிக்கப் வண்டிகள் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. நம் ஊரில் இதைக் கணக்கெடுத்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புகைச் சோதனை மையத்தில் நிறுத்திய வண்டியை மிதித்துப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் தேடுவதில்லை. வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர் அதையும் சேர்த்துத்தான் மூச்சிழுக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவற்றை மறுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்கிறது. ஆனால் சாலையில் பிடிபடுவது கறுப்பு ஃபிலிமும் முன்னால் மாட்டிய கம்பியும்தான், கண்ணுக்குத் தெரிகிறவை. மென்பொருளைப் படிக்க யாரிடம் கருவி இருக்கிறது? ஜெர்மனியில் இதே வேலையைச் சோதித்துச் சான்று வாங்கி, வண்டியின் ஆவணத்தில் பதிந்து, முறையாக ஓட்டலாம். நம் நாட்டில் ஒழுங்காகச் செய்ய நினைப்பவனுக்கு வழியே இல்லை, ஒழுங்கில்லாமல் செய்பவனுக்குத் தடையே இல்லை. விபத்து என்று வந்தால் மட்டும் காப்பீட்டு நிறுவனம் இந்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் இருக்கிறது. அதை எந்தக் கடையும் வாய்திறந்து சொல்வதில்லை.

மருமகன் வண்டிக்கு என்ன ஆயிற்று என்றால், கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆள் நிறைய ஏற்றி, நாலாவது கியரில் லாரியைத் தாண்ட மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி நகர்வதில்லை. தாண்டும்போது எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதே என் அக்காவுக்குக் கை நடுங்குகிறது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் சோதித்துவிட்டு, மென்பொருள் எங்களுடையது இல்லை, உத்தரவாதம் கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சரி, பழையபடி மாற்றிவிடலாம் என்று ரீமேப் செய்த கடைக்குப் போன் போட்டால், முதலில் படித்தெடுத்த அசல் கோப்பைத் தாங்கள் வைத்திருக்கவில்லை என்கிறார்கள்! அவன் வண்டியின் கோப்பு, அவன் பணம் கொடுத்து வாங்கிய வண்டி.

இந்தக் கடைகளிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கை வைப்பதற்கு முன் அசல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுங்கள். டைனோவில் ஏற்றி முன்னும் பின்னும் எடுத்த வரைபடத்தைக் கொடுங்கள். டைனோ இல்லையென்றால், ஓடும்போது காற்றழுத்தமும் சூடும் பதிவான தாளையாவது கொடுங்கள். எந்த வரம்பை எவ்வளவு தளர்த்தினீர்கள் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிபிஎஃப்பைக் கழற்றச் சொல்லி வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். பணம் கொடுக்கப் போகிற பையன்களே, இதெல்லாம் கொடுக்காத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மருமகனுக்குப் புதுக் கிளட்ச் செட்டுக்குச் சொல்லியிருக்கிறோம். அசல் மென்பொருளை நிறுவனத்திலிருந்தே வரவழைத்து எழுத முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.